ஸ்பிரிங்கைத் தொடும் முன் ஆயிலைப் பாருங்கள்

ஆர்.சி. கார் (ரேடியோ ரிமோட்டில் ஓடும் மாடல் கார்): வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷாக் அப்சார்பர் பற்றியவை. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் காசைக் கொட்டும் நம் ஆட்கள் ஷாக் பக்கம் திரும்பியிருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: 1:10 அளவில் (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) டூ-வீல் டிரைவ் ட்ரக் ஒன்று வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே செம்மண் திடலில் மேடு கட்டி நண்பர்களோடு ஓட்டுகிறோம். குதித்து இறங்கியதும் பின்பக்கம் எம்பி, மூக்கு குத்திக் கவிழ்கிறது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறதே என்று பின் ஷாக் காலர்களை (ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையங்களை) கடைசி வரை இறுக்கினேன். முன்பைவிட மோசம். ஏன் சார்? (வாசகர், ஈரோடு)

காலரை இறுக்கியதால்தான் மோசமானது. நம் ஊரில் புதிதாக ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்புகிறார்கள். ஆகாது. கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், எத்தனை சுற்று என்பதுதான் ஸ்பிரிங்கின் கடினத்தைத் தீர்மானிக்கும். காலர் அதில் எதையும் மாற்றாது. வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு மட்டுமே காலர்.

நீங்கள் இறுக்கியதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கும். எடை முன்னால் சாய்ந்திருக்கும். சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த தூரமும் போயிருக்கும். மேட்டிலிருந்து பறக்கும்போது அப்படிப்பட்ட வண்டி மூக்கைத்தான் முதலில் நீட்டும்.

இனி எம்பும் விஷயம். வண்டி தரையில் விழும்போது ஸ்பிரிங் அந்த வேகத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அடுத்த நொடியே திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுப்பதை அடக்குவது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில். உள்ளே தண்டோடு சேர்ந்து நகரும் பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாக ஆயில் நுழைந்து வெளிவரும்போது அந்த வேகம் வெப்பமாகிப் போகிறது. எனவே எம்புகிற வண்டிக்கு முதல் சந்தேகம் ஆயில் மேல்தான் வர வேண்டும்: ஆயில் குறைந்திருக்கலாம், காற்று கலந்திருக்கலாம், ரொம்ப மெல்லிசாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. காலரைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பேட்டரியை உள்ளே வைத்து, வண்டியை ஒரு முறை கையால் அழுத்தி விடுங்கள். அது தானாக நிற்கும் நிலையில் பின் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் தரைக்கு இணையாக, படுக்கையாக இருக்கட்டும். மண் தரைக்குத் தொடங்க அது நல்ல உயரம். அப்புறம் ஒரு முழம் உயரத்திலிருந்து வண்டியை நாலு சக்கரமும் சேர்ந்து படும்படி போடுங்கள். அடித்தட்டு தரையை லேசாகத் தொட்டு, ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டாவது முறை குலுங்கினால் ஆயில் போதாது. ‘டப்’பென்று பலமாக அடித்தால் ஸ்பிரிங்கோ ஆயிலோ மெலிவு. தொடவே இல்லை, கல் மாதிரி நிற்கிறது என்றால் எல்லாமே அதிகம்.

உங்கள் ட்ரக்குக்குப் பின்னால் 30 வெயிட் (ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்) ஆயிலில் தொடங்கி 35-க்குப் போய்ப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆயிலையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

கேள்வி: நானே ஷாக்கைக் கழற்றிப் புது ஆயில் ஊற்றினேன். அழுத்தினால் உள்ளே ‘சளக் சளக்’ என்று சத்தம். ஒரு ஷாக் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் இறங்குகிறது. நான் கல்லூரி முதலாண்டு மாணவி. சரியாக ஊற்றும் முறையைச் சொல்லித் தாருங்கள் அண்ணா. (வாசகி, மதுரை)

அந்தச் சத்தம் காற்றுதான் தங்கச்சி. நானே கழற்றுகிறேன் என்று உட்கார்ந்தீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. மீதியைச் சொல்கிறேன்.

மூடியைக் கழற்றி, ஷாக்கை நேராக நிறுத்துங்கள். தண்டை முழுசாக வெளியே இழுத்தால் பிஸ்டன் அடியில் போய் உட்காரும். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஆயில் ஊற்றுங்கள். இப்போது தண்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மேலும் கீழும் நகர்த்துங்கள். பிஸ்டன் ஆயில் மட்டத்துக்கு மேலே வரக்கூடாது, வந்தால் மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும். பிஸ்டன் துளைகளிலிருந்து கடுகளவு குமிழிகள் கிளம்பும். சில குமிழிகள் பிஸ்டனின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். ஷாக்கின் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் விட்டுவிடும். பிறகு ஒரு பத்து நிமிடம் அப்படியே நிறுத்தி வையுங்கள். அவசரப்படுகிற எல்லாரும் கோட்டை விடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

குமிழி நின்றதும் விளிம்பு வரை ஆயில் ஊற்றி, மூடிக்கு அடியில் வரும் மெல்லிய ரப்பர் சவ்வான டயாஃப்ரமைச் சாய்த்து வையுங்கள், அடியில் காற்று சிக்காது. தண்டை முழுக்க உள்ளே தள்ளி, வழியும் ஆயிலைத் துடைத்துக்கொண்டே மூடியைத் திருகுங்கள். இப்படி மூடினால் தண்டு தானாக வெளியே வராது, அல்லது கொஞ்சம்தான் வரும். தண்டு வெளியே இருக்கும்போதே மூடினால் உள்ளே ஆயில் மிச்சமாகி, தண்டு முழுசாக இறங்காமல் முட்டி நிற்கும்.

அடுத்தது சோதனை. ஸ்பிரிங் இல்லாமல் இரண்டு ஷாக்கையும் படுக்கையாகப் பிடித்து, தண்டு முனைகளை ஒன்றோடொன்று முட்ட வைத்துத் தள்ளுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போனால் ஜோடி சரி. ஒன்று முந்தினால் அதைத் திறந்து திரும்பச் செய்ய வேண்டியதுதான். ஜோடி சேராத ஷாக்கோடு ஓடும் வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் திரும்பும். அதன்மேல் வேறு எந்த ட்யூனிங்கும் எடுபடாது.

இன்னொன்று. தண்டின் நுனியில் பிளாஸ்டிக் முனையைத் திருகும்போது தண்டை வெறும் பிளையரால் பிடிக்காதீர்கள். மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அது ஓ-ரிங்கை (ஆயில் கசியாமல் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தை) ஒவ்வொரு முறையும் அறுக்கும், ஆயில் கசியும். பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள்.

கேள்வி: ஷாக் ஆயில் இங்கே கிடைப்பதில்லை. பைக் ஃபோர்க் ஆயில் அல்லது தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம். ஃபோர்க் ஆயில் பெட்ரோலிய வகை. நம் ஷாக்கில் உள்ள சிலிகான் ஓ-ரிங் அதில் ஊறிப் பெருத்து, தண்டைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் மெலிவதும் சிலிகான் ஆயிலைவிட அதிகம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டு பாட்டிலே சாட்சி. சிலிகான் ஷாக் ஆயில் சின்ன பாட்டில் வரவழைத்தால் பல மாதம் வரும். செலவைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஒரு பாட்டிலில் 40 வெயிட் என்றும், இன்னொன்றில் 400 சிஎஸ்டி என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? மே மாதத்தில் என் பக்கி கார் தொளதொளவென்று ஆகிவிடுகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (வாசகர், சென்னை)

ஒன்றல்ல. சிஎஸ்டி என்பது பாகுத்தன்மையை அளக்கும் அலகு. வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீம் அசோசியேட்டட் என்ற ஆர்.சி. கம்பெனியின் ஆயிலில் 30 வெயிட் என்பது 350 சிஎஸ்டி, 40 வெயிட் என்பது 500. அதனால் கம்பெனி மாற்றும்போது சிஎஸ்டியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே கம்பெனியின் 30-ஐயும் 40-ஐயும் சரிபாதி கலந்தால் 35-க்குப் பக்கத்தில் வரும்.

உங்கள் இரண்டாவது சந்தேகம் சரியானதே. பாட்டிலில் போட்டிருக்கும் அளவு 25 டிகிரிக்கு உரியது. ஆயிலின் சூடு 40 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய கால் பங்கு மெலிந்துவிடும். சென்னை வெயிலில் தார்த்தரையில் ஓட்டினால் அதைத் தாண்டும். ஜனவரியில் 350 ஊற்றியவர் ஏப்ரலில் 450 பக்கம் போகலாம். ஐப்பசி மழை பிடித்ததும் திரும்ப இறங்குங்கள்.

கேள்வி: பிஸ்டன் துளையைப் பெரிதாக்கினாலும் ஆயிலை மெல்லிசாக்கினாலும் விளைவு ஒன்றுதானே? (வாசகர், சேலம்)

கையால் மெதுவாக அழுத்திப் பார்த்தால் ஒன்றுதான். ஓடும்போது வேறு. சின்னத் துளையும் மெல்லிய ஆயிலும் சேர்ந்தால், வண்டி உயரத்திலிருந்து விழும் வேகத்தில் ஆயில் துளைக்குள் நுழைய முடியாமல் திணறி, ஷாக் சட்டென்று இறுகும். பெரிய மேடுகளுக்கு அது நல்லது, அடித்தட்டு தரையில் அடிபடாது. ஆனால் சரளைக்கல் மாதிரி சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் அதே இறுக்கம் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அங்கே பெரிய துளையும் கெட்டி ஆயிலும்தான் சரி. சேலத்தில் நீங்கள் ஓட்டுவது கற்கள் நிறைந்த திடல் என்று எழுதியிருப்பதால், பெரிய துளை பக்கமே போகச் சொல்வேன்.

கேள்வி: டாமியா கம்பெனியின் டிடி-02 கார் கிட் (பாகங்களை நாமே சேர்த்துக் கட்டும் பெட்டி) வாங்கினேன். முதலில் எதை மாற்றலாம்? மோட்டாரா? (வாசகர், சிங்கப்பூர்)

ஷாக். சாதாரண டிடி-02 கிட்டில் வருவது ஆயில் இல்லாத உராய்வு ஷாக். ஆயில் ஷாக் போட்டதும் கார்பார்க் தரையின் இணைப்புக் கோடுகளில் வண்டி தத்தாமல் போகும். வேகமான மோட்டாரை அதற்குப் பிறகு யோசியுங்கள்.

கேள்வி: ஆயில் ஷாக் எப்போதிலிருந்து இருக்கிறது? (வாசகர், தஞ்சாவூர்)

1984-இலேயே இருந்தது. அந்த ஆண்டு வந்த டாமியா கிராஸ்ஹாப்பரில் ஆயில் ஷாக் கிடையாது, துள்ளிக்கொண்டே ஓடும். அதே ஆண்டு வந்த டீம் அசோசியேட்டட் ஆர்சி10 பக்கியில் ஆயில் நிரப்பிய அலுமினிய ஷாக். 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் 1:10 ஆஃப்-ரோடு உலகப் போட்டியில் டூ-வீல் பிரிவை வென்றது ஆர்சி10.

கேள்வி: ஷாக்கைப் பொருத்தப் பல ஓட்டைகள் இருக்கின்றனவே, எதில் மாட்டுவது? (வாசகர், திருச்சி)

கிட்டில் சொன்ன ஓட்டையில் தொடங்குங்கள். மேல் முனையை உள்பக்கம் நகர்த்தினால் ஷாக் சாய்ந்து, ஆரம்ப அசைவு மென்மையாகும். வெளிப்பக்கம் நகர்த்தினால் நிமிர்ந்து, திருப்பத்துக்கு உடனே பதில் சொல்லும். கீழ் முனையை ஆர்மில் (சக்கரத்தைத் தாங்கும் கையில்) வெளிப்பக்க ஓட்டைக்கு மாற்றினால் விறைப்பு கூடும், சக்கரத்தின் மேல்-கீழ் ஓட்டம் குறையும். கீழ் ஓட்டையை மாற்றினால் வண்டியின் உயரமும் மாறிவிடும், அதைக் காலரால் சரிசெய்த பிறகே ஓட்டிப் பாருங்கள்.