தேர்தல் வியூகம் ஒரு தொழிலாக

அன்புள்ள ஐயா,

அரசியல் அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். தேர்தல் வியூக நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. நான் முற்போக்கு அரசியலில் நம்பிக்கை உள்ளவள். ‘காசு கொடுப்பவருக்கெல்லாம் வேலை பார்க்கும் தொழில் அது’ என்று தோழர்கள் தடுக்கிறார்கள். கொள்கையை விடாமல் இத்தொழிலில் வாழ்ந்தவர் எவரேனும் உண்டா?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்கரான மார்ஷல் கான்ஸ். யூத மதகுரு ஒருவரின் மகனாக 1943இல் பிறந்து, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வளர்ந்தவர். 1964இல் ஹார்வர்ட் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பிக்குப் போனார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து 16 ஆண்டுகள் உழைத்தார்.

வியூகத்தை அவர் கற்ற இடம் அந்தச் சங்கம். திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளிகள் வெளியாட்களைக் கொண்டுவந்து அறுவடையை முடித்துவிடுவார்கள் என்பதால், சங்கம் போராட்டத்தை நகரத்துக் கடைவாசல்களுக்கு நகர்த்தி, கலிபோர்னியத் திராட்சையை வாங்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டது. அதற்காகக் கனடாவின் டொராண்டோ வரை அனுப்பப்பட்டவர்களில் கான்ஸும் ஒருவர். 1970இல் கலிபோர்னியாவின் டெலானோ வட்டாரத் திராட்சைத் தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் அதே சங்கத்தின் தலைமை மாற்றுக் குரல்களைப் பொறுக்காமல் இறுகிப்போனபோது, 1981இல் அவர் வெளியேறினார். பிறகு 1986இல் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனுக்கும், 1987இல் நான்சி பெலோசியின் முதல் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் களப்பணி செய்தார்.

உங்கள் தோழர்களின் ஐயம் பொருளற்றது அல்ல; ஆனால் அதன் வேர் தனிமனிதரின் பேராசையில் இருப்பதைவிடக் கூலி தரப்படும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்திற்குச் செலவாகும் தொகையில் ஒரு பங்கை ஆலோசகர் தரகாகப் பெறுவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். அப்படிக் கூலி பெறுபவருக்கு, வீடு வீடாக ஆளனுப்புவதைவிட இன்னொரு விளம்பரம் எடுப்பதே இலாபம். வாக்காளர் பட்டியலைச் சலித்து, தவறாமல் வாக்களிப்பவர்களிடமும் ஊசலாடுபவர்களிடமும் மட்டும் பேசினால் போதும் என்ற கணக்கு வந்த பிறகு, வாக்குச்சாவடிக்கு வராத ஏழைகளின் கதவை எவரும் தட்டுவதில்லை. தட்டாததால் அவர்கள் அடுத்த முறையும் வருவதில்லை. கான்ஸ் இதை 1994இலேயே எழுதிக் கண்டித்தார். எனக்கு அவர் மீதுள்ள மதிப்புக்கு முதற்காரணம் இதுதான்.

மாற்று வழியை அவர் செய்தும் காட்டினார். 2007இல் தென் கரோலினாவில் ஒபாமாவின் களப்பணியை நடத்திய ஜெரமி பேர்ட் அவருடைய மாணவர். அங்கே கான்ஸின் வழியில் நடந்த வீட்டுக்கூட்டம் எளிமையானது. ஒருவர் அக்கம்பக்கத்தாரைத் தம் வீட்டுக்கு அழைப்பார். களப்பணியாளர் தாம் ஏன் இந்த வேலைக்கு வந்தோம் என்பதைச் சொல்வார். வந்தவர்களும் தங்கள் வாழ்க்கையைப் பேசுவார்கள். எழுந்து போகும் முன், ‘அடுத்த கூட்டத்தை உங்கள் வீட்டில் என்றைக்கு வைக்கலாம்?’ என்று அவர்களைக் கேட்பார்கள். 1950களில் பிரெட் ராஸ் என்ற அமைப்பாளர் சாவேஸுக்குக் கற்றுக்கொடுத்த முறை இது. 2008 ஜனவரி 26 அன்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்வுசெய்ய அம்மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில் ஒபாமா 55 விழுக்காடும் ஹிலாரி கிளிண்டன் 27 விழுக்காடும் பெற்றனர்.

ஒபாமா அதிபரான பின் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். நாடெங்கும் திரண்ட அந்தத் தொண்டர் வலைப்பின்னல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்குள் கொண்டுபோய் வைக்கப்பட்டு, தன் வேகத்தை இழந்தது. மக்களைத் திரட்டி வென்றவர் பேரம்பேசி ஆளத் தலைப்பட்டார் என்று 2010இல் கான்ஸ் வெளிப்படையாக விமர்சித்தார். தான் உழைத்து வெல்லவைத்தவரையே அப்படிக் கேட்பதற்கு, அடுத்த ஒப்பந்தத்தை எதிர்பார்க்காத வாழ்க்கை வேண்டும்.

ஆகவே, வேலையை ஏற்கும் முன் அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அவர்களுடைய வருமானத்தில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, களப்பணியின் பங்கு எவ்வளவு? தேர்தல் முடிந்த மறுநாள், நீங்கள் திரட்டிய தொண்டர்களின் பட்டியல் யாரிடம் இருக்கும்? அந்தந்த ஊர்க்காரர்களிடமே இருக்கும் என்றால் தயங்காமல் சேருங்கள். நிறுவனத்தின் கணினியோடு போய்விடும் என்றால், உங்கள் ஊரில் ஒரு தொழிற்சங்கத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பிறகு இத்தொழிலுக்கு வாருங்கள்.

அன்புடன்.