பொன்னாடையும் பிளாஸ்டிக் கதிரையும்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கையைக் கடிக்காத விதத்தில் அவர்களை உற்சாகப்படுத்த என்ன செய்யலாம்? மாதம் ஒருவரைத் தெரிந்தெடுத்துப் பொன்னாடை போர்த்தலாமென்று யோசிக்கிறேன்.

பதில்: பொன்னாடையா? எனக்கும் அதற்கும் உள்ள பகை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். என் அலுமாரியில் பதினொன்று கிடக்கின்றன. துடைக்கலாமென்றால் தண்ணீரை உறிஞ்சாது. போர்த்தலாமென்றால் மட்டக்களப்பில் எப்போது குளிர்ந்தது? மார்கழி மழையில் ஒருதரம் போர்த்திப் பார்த்தேன், சரிகை கழுத்தை அறுத்தது. ஒன்றை ஓர் இலக்கிய விழாவில் அதன் செயலாளருக்கே போர்த்தித் தலைமுழுகினேன். இரண்டு வருடம் கழித்து ஆரையம்பதியில் ஒரு புத்தக வெளியீடு. அதே செயலாளர், அதே பொன்னாடை, என் தோள். ஓரத்தில் நுளம்புத்திரி சுட்ட ஓட்டை அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஓட்டையைப் பார்த்தேன். இருவரும் படத்துக்குச் சிரித்தோம்.

துணிதான் என்றால் மருதமுனைக் கைத்தறிச் சாரம் கொடுங்கள், உடுக்கவாவது உதவும். ஆனால் விடிந்தால் பொழுதுபட்டால் புடவையோடு மாரடிக்கிற பிள்ளைகளுக்குப் பரிசும் துணியா? அதுவும் ஒருவருக்குப் போர்த்த, ஏழு பேர் கைதட்ட வேண்டும்!

உங்கள் கடையில் புடவை விற்கிற பிள்ளைகள் எதில் உட்காருகிறார்கள்? வாடிக்கையாளர் இருக்கக் கதிரை உண்டு, முதலாளிக்கு மெத்தை வைத்தது உண்டு. கடை ஊழியர் இருந்து வேலை செய்ய வசதி கொடு என்று கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டமே போட்டார்கள். உங்களுக்குச் சட்டம் எதற்கு? நாலு பிளாஸ்டிக் கதிரை போதும். கதிரைக்காகக் கட்சி மாறிய நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி இந்த இடத்தில் எழுத ஆசைதான், பக்கம் போதாது.

தீபாவளிக்கு முதல் கிழமை பத்து மணிக்குக் கடை பூட்டினால், பஸ் போன பிறகு அந்தப் பிள்ளைகள் எப்படி வீடு போகிறார்கள்? ஆட்டோக் காசு கொடுங்கள்.

அப்புறம், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அவர்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பீர்கள், சரி. உங்கள் பங்கு 12 சதவீதமும் மாதாமாதம் போய்ச் சேருகிறதா? நீங்கள் கேட்காததுதான், நானாகக் கேட்கிறேன்.

பொன்னாடை ஏற்கனவே வாங்கிவிட்டீர்களென்றால் தயவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டாம். அலுமாரியில் பன்னிரண்டாவதற்கு இடமில்லை.