வெளிநாட்டுல கூட்டாளிகளோட பொங்கல்: கேள்வி பதில்

தை பொறக்கப் போகுது, வெளிநாட்டுல இருக்குற நம்ம மதுரைப் பக்கத்துப் புள்ளைக ஆளாளுக்கு கேள்வி அனுப்பிருக்கீங்க. நான் மேலூர்க்காரி, மான்செஸ்டர்லயும் மெல்போர்ன்லயும் குடும்பத்தோட இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன், அங்க இருந்தவரைக்கும் வருஷா வருஷம் கூட்டாளிகளைக் கூப்பிட்டு வச்சுதான் பொங்கல். பொதுவா ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன்: பானை எல்லாரு கண்ணு முன்னாடியும் பொங்கணும். வீட்டுல குக்கர்ல வச்சு டிரேல கொட்டி ஹாலுக்கு எடுத்துட்டு வந்தா நல்ல சாப்பாடுதான், ஆனா பொங்கல் வச்சதா ஆகாது.

கேள்வி (டல்லாஸ்): அக்கா, பொங்கல் வார நாள்ல வருது, லீவு கிடையாது. சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சேந்து வைக்கலாமா, தப்பா?

ஒரு தப்பும் இல்ல தம்பி. தை 1, 2025ல ஜனவரி 14 செவ்வாய், 2026ல 15 வியாழன், எப்பவும் ஞாயித்துக்கிழமையா பாத்து வராது. அன்னைக்கு காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு சின்னப் பாத்திரத்துல ஒரு கை அரிசி போட்டு பொங்கிருங்க, சனிக்கிழமை கூட்டாளிகளோட பெருசா வச்சுக்கோங்க. நம்ம நாட்டரசன்கோட்டையில தைப்பொங்கல் முடிஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமைதான் கண்ணாத்தா கோயில் முன்னாடி நகரத்தார் எல்லாரும் வரிசையா பானை வச்சு செவ்வாய்ப் பொங்கல் வைப்பாக, எந்த நாட்டுல இருந்தாலும் அதுக்குன்னே வர்றவுக உண்டு. ஊர் கூடுறதுக்குத் தோதான நாள்னு ஒண்ணு தனியா இருக்குறது நமக்குப் புதுசு இல்ல.

கேள்வி (ஹெல்சிங்கி): இங்க சூரியன் வர்றதே காலை 9 மணிக்கு மேலதான். 6 மணிக்கே வச்சுரவா?

வேணாம், காத்திருங்க. நீங்க இருக்குற ஊர்ல எப்ப விடியுதோ அதுதான் உங்களுக்கு நேரம். மேகம் மூடியிருந்தாலும் கிழக்கு ஜன்னலப் பாத்து படைங்க.

கேள்வி (லண்டன்): அக்கா நாங்க ஃப்ளாட்ல இருக்கோம், இண்டக்‌ஷன் அடுப்பு, ஸ்மோக் அலாரம் வேற. போன வருஷம் பால் பொங்கி வழிஞ்சதும் அடுப்பே ஆஃப் ஆயிருச்சு, எல்லாருக்கும் மனசு சங்கடமா போச்சு.

மனசு சங்கடப்படவே வேணாம் மா, அது அபசகுனம் கிடையாது, டச் பட்டன் மேல ஈரம் பட்டா அந்த அடுப்பு தானா நின்னுரும், அப்படித்தான் செஞ்சுருக்கான். பானைக்கும் பட்டனுக்கும் நடுவுல, பட்டன் மேல படாம ஒரு துணிய மடிச்சு வச்சுருங்க, பானைய கொஞ்சம் பின்னாடி தள்ளி வைங்க. வெண்கலப் பானை, பித்தளைப் பானை எதுவும் இண்டக்‌ஷன்ல சூடாகாது, அடியில காந்தம் ஒட்டுற எவர்சில்வர் பாத்திரம் வேணும், வாய் குறுகுனதா பாத்து எடுங்க, அகலமான பாத்திரத்துல பால் சீக்கிரம் மேல ஏறாது. அரிசி களைஞ்ச ரெண்டாவது தண்ணியும் பாலும் கலந்து முக்காப் பானைக்கு மேல ஊத்தி அடுப்ப முழுசா வைங்க. இதெல்லாம் வெல்லம் போடுறதுக்கு முன்னாடியே நடக்குறது ஒரு வகையில நல்லது, ஏன்னா சக்கரைத் தண்ணி சூடான கண்ணாடி அடுப்புல வழிஞ்சா ஒட்டிப் புடிச்சு கண்ணாடியவே கெடுத்துரும், பால்னா தொடச்சா போயிரும்.

அப்புறம் யாரையும் வேற வேலைக்கு அனுப்பாதீங்க. மொதல்ல ஓரத்துல ஊசி மாதிரி நுரை கட்டும், அது கூடி நடுவுக்கு வரும், ஆடை மேல ஒரு தடவ உப்பி அடங்குன மாதிரி தெரியும், அடுத்த நிமிஷம் சரசரன்னு ஏறி கழுத்துல கட்டுன மஞ்சள நனைச்சுக்கிட்டு வழியும். அந்த நேரத்துல பொம்பளைக குலவை போடணும், புள்ளைக தட்டு கரண்டியால தட்டணும், பொங்கலோ பொங்கல்னு எல்லாரும் கத்தணும், கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சுருங்க, முடிஞ்சா கூப்பிட்டே விட்டுருங்க. அலாரத்த மூடவே கூடாது. சாம்பிராணிய விட்டுட்டு விளக்கு மட்டும் ஏத்துங்க.

கேள்வி (சிட்னி): 25 பேரு வர்றாங்க, அளவு சொல்லுங்க. வெளிய பார்க்ல கேஸ் அடுப்பு வைக்கலாமா?

பச்சரிசி 800 கிராம், பாசிப்பருப்பு 200 கிராம் (லேசா வறுத்துக்கோங்க), வெல்லம் ஒன்றரை கிலோ, நெய் கால் கிலோ, தண்ணியும் பாலுமா 5 லிட்டர். பொங்குறதுக்கு ஒரு சின்னப் பானை, வயித்துக்கு ஒரு பெரிய பாத்திரம்னு ரெண்டா வச்சுக்கோங்க. சோறு கையில எடுத்து மசிச்சா மாவா மசியணும், அதுக்கப்புறம்தான் வெல்லம், முந்திட்டா அரிசி அப்படியே நின்னுரும், எவ்வளவு நேரம் எரிச்சாலும் வேகாது. வெல்லத்த தண்ணியில கரைச்சு வடிகட்டி ஊத்துங்க, மண்ணு இருக்கும். பால் கொஞ்சம் மிச்சம் வச்சு கடைசியில ஊத்துற வழக்கம் இருந்தா அடுப்ப அணைச்சு ஆறவிட்டு ஊத்துங்க, கொதிக்கிற வெல்லத்துல பால் திரிஞ்சுரும். முந்திரிய தனியா வறுத்து ஓரமா வைங்க, வர்ற புள்ளைகள்ல யாருக்காவது அலர்ஜி இருக்கும்.

அடுப்பு விஷயம்: ஜனவரி அங்க கொளுத்துற வெயில், ஃபயர் பேன் போட்ட நாள்ல வெளிய நெருப்பு வச்சா அபராதம் கட்டணும், முந்தின நாள் சாயங்காலமும் அன்னைக்கு காலையிலயும் பாத்துக்கோங்க. கேம்பிங் கேஸ் அடுப்ப வீட்டுக்குள்ளயோ மூடுன கராஜ்லயோ கொண்டு போகவே போகாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே முடிச்சுரும்.

கேள்வி (டொராண்டோ): எங்க செட்டுல பாதிப் பேரு யாழ்ப்பாணத்துக்காரங்க. அவங்க முறை வேற, நம்ம முறை வேற. யார் முறைப்படி வைக்கிறது?

ரெண்டு பானை வைங்க! நம்ம வீட்டுலயே வெண்பொங்கல், சக்கரைப்பொங்கல்னு ரெண்டு வைக்கிறோம்ல. அவுக வறுத்த பயறு போட்டு, தேங்காய்ப்பால் ஊத்தி, பொங்கும்போது வெடி கொளுத்துவாக, அம்புட்டு ருசியா இருக்கும், நான் மெல்போர்ன்ல ஒரு யாழ்ப்பாணத்து அக்காகிட்ட கத்துக்கிட்டு இன்னைக்கும் அப்படி ஒரு பானை வைக்கிறேன். உங்க ஊர்ல வசதி வேற, கனடா நாடாளுமன்றம் 2016லயே ஜனவரிய தமிழ் மரபுத் திங்களா ஏத்துக்கிட்டாங்க, ஆபீஸ்ல, ஸ்கூல்ல தைரியமா கேளுங்க.

கேள்வி (டப்ளின்): படிக்க வந்துருக்கேன் அக்கா, மொத வருஷம். வீட்டுல இருக்குற ரெண்டு பேரும் தமிழ் இல்ல. தனியா எதுக்குன்னு விட்டுரலாம்னு இருக்கேன்.

விடாத தம்பி. அந்த ரெண்டு பேரையும் எழுப்பி அடுப்பாண்ட நிக்க வை. மந்திரம் இல்ல, ஐயர் வேணாம், நம்ம ஊர்ல சர்ச்சுலயே பொங்கல் வைக்கிறாக. விளைஞ்சத விளைய வச்ச சூரியனுக்கும் மாட்டுக்கும் மொதல்ல குடுத்துட்டுத் திங்கிறோம்னு சொல்லு, எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும். பால் ஏறும்போது அவனும் கத்துவான் பாரு. முடிச்ச உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போடு, அவுக நீ சாப்பிட்டியான்னுதான் பாத்துக்கிட்டு இருப்பாக.

கேள்வி (ஆக்லாந்து): ஊர்ல இருந்து வரும்போது கரும்பு, மஞ்சக்கொத்து, மானாமதுரை மண்பானை கொண்டு வரலாமா?

பச்சையா இருக்குற எதையும் பெட்டியில வைக்காதீங்க, ஏர்போர்ட்ல புடுங்கிருவாங்க, சொல்லாம கொண்டு வந்தா அபராதமும் உண்டு. கரும்பு சைனீஸ் கடை, வியட்நாம் கடையில கேட்டுப் பாருங்க. பச்சை மஞ்சக் கிழங்கு இந்தியக் கடையில கிடைக்கும், இலை இல்லாட்டி கிழங்க நூல்ல கோத்து பானையில கட்டிக்கோங்க. மண்பானை புதுசா, மண்ணு ஒட்டாம சுத்தமா இருக்கணும், இருந்தாலும் டிக்ளேர் பண்ணிருங்க, உள்ள துணிய அடைச்சு கேபின் பேக்ல வைங்க.

கேள்வி (லண்டன், இன்னொருத்தர்): ஃப்ரெண்ட்ஸோட அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு லைவ் பாக்கணும். நேரம்?

பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூணாவது நாள் அலங்காநல்லூர். நம்ம ஊரு காலை 8 மணின்னா லண்டன்ல அதிகாலை 2:30, டொராண்டோவுல முந்தின நாள் ராத்திரி 9:30, சிட்னியில மதியம் 1:30. லண்டன்காரங்க மட்டும் ராத்தங்குற மாதிரி வாங்க, போர்வையும் ஃப்ளாஸ்க்ல டீயும் போதும். சோத்த முன்னாடியே போட்டுருங்க, வாடிவாசல் தொறந்துட்டா ஒருத்தனும் எந்திரிச்சு வரமாட்டான்.