முழுக் கவச உடை அணிந்தும் மருத்துவப் பணியாளர்களுக்குக் கொரோனா தொற்றியது ஏன்? அப்படியானால் அந்த உடையால் என்ன பயன்?

பயன் உண்டு, மிகப் பெரிய பயன் உண்டு. கொரோனா வார்டில் செவிலியராகப் பணியாற்றியவள், பிறகு புதிதாக வந்தவர்களுக்குக் கவச உடையை அணியவும் கழற்றவும் கற்றுக்கொடுத்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். கவச உடையின் பலன், அதை எத்தனை மணி நேரம் அணிந்திருக்க வேண்டியிருந்தது, எப்படிக் கழற்றினார்கள், கழற்றிய பிறகு எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்பவற்றையும் சார்ந்தது. தொற்று பெரும்பாலும் நுழைந்த வழிகள் இவைதாம்.

ஆபத்து எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு கைப்பேசிச் செயலி வழியாகப் பொதுமக்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேரிடமும், நோயாளிகளை நேரடியாகக் கவனித்த மருத்துவப் பணியாளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமும் திரட்டிய தகவல்களைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியானது. தொற்று உறுதியானதாகத் தெரிவிக்கும் வாய்ப்பு மருத்துவப் பணியாளர்களிடம் 11 மடங்குக்கும் மேல் இருந்தது. அவர்களுக்குப் பரிசோதனை எளிதில் கிடைத்ததைக் கணக்கில் கொண்டு திருத்திய பிறகும் அது 3 மடங்குக்குக் குறையவில்லை. கவச உடையை மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டியிருந்தவர்களுக்கு, போதிய உடை கிடைத்தவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. போதிய உடை இருந்தும் தொற்று உறுதியான நோயாளிகளைக் கவனித்தவர்களுக்கு, அதே அளவு உடையுடன் அத்தகைய நோயாளிகளிடம் போகாத பணியாளர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு ஆபத்து இருந்தது. உங்கள் கேள்வி பிறப்பது இந்தக் கடைசி எண்ணிலிருந்துதான்.

ஆனால் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் ஆய்வும் உண்டு. 2020 தொடக்கத்தில் வூகான் நகருக்குக் குவாங்டாங் மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்ட மருத்துவர்கள், செவிலியர்கள் 420 பேர் அங்கே 6 முதல் 8 வாரம் வரை தீவிர நோயாளிகளைக் கவனித்தனர். திரும்பியபோது அவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. அவர்களுக்குத் தரமான கவச உடையும் பயிற்சியும் இருந்தன என்பதோடு, ஒரு ஷிப்ட் 4 முதல் 6 மணி நேரம் அளவில்தான் இருந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 16 மணி நேர வேலைதான் இருந்தது என்பதையும் நான் கோடிட்டுக் காட்ட விரும்புகிறேன். பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல், மாதவிடாய் நாள்களிலும் அதே உடைக்குள் வியர்வையில் ஊறி நின்ற ஒருவர், ஷிப்ட் முடியும் வேளையில் எவ்வளவு நிதானமாக அதைக் கழற்றுவார்? கைகள் அவசரப்படும். அதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கழற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. கையுறையின் வெளிப்புறம் வெறுங்கையில் படாமல் உள்பக்கம் வெளியே வருமாறு உருவ வேண்டும். கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்தே எடுக்க வேண்டும். மேலங்கியை உடலிலிருந்து விலக்கி, உட்புறம் வெளியே தெரியும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். அறையை விட்டு வெளியேறிய பிறகே என்95 முகக்கவசத்தின் கீழ்ப்பட்டையை முதலிலும் மேல்பட்டையைப் பிறகும், முன்பக்கத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும். அடுத்து கைகளை நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். கொரோனாவுக்கு முன்பே, 2015இல் வெளியான ஓர் ஆய்வில், புற ஊதா ஒளியில் ஒளிரும் களிம்பைப் பூசிக் கையுறையையும் மேலங்கியையும் கழற்றச் சொன்னபோது, 46 சதவீத முயற்சிகளில் களிம்பு தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. இதனால்தான் கழற்றும் இடத்தில் ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிக் கண்காணிக்க இன்னொருவர் நிற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் காணாமல் போவதும் அந்த இன்னொருவர்தான்.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்95 என்பது மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும், ஆனால் காற்று அதன் வழியாகப் போனால் மட்டுமே. ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியில்தான் போகும். மூச்சை வலுவாக விட்டால் கண்ணருகே காற்று படுவதும் கண்ணாடி மூடுபனி போல மங்குவதும் மூக்குத்தண்டின் மேல் அது சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கு அடையாளம். சிறிய முகம் கொண்ட பெண்கள் பலருக்குக் கையில் கிடைத்த அளவு பொருந்தவே இல்லை. தட்டுப்பாட்டின்போது சிலர் அதைச் சோப்பு நீரில் அலசியோ, ஆல்கஹால் தெளித்தோ மறுபடி அணிந்தார்கள். அதன் இழைகளில் உள்ள மின்னூட்டம்தான் நுண்துகள்களைப் பிடித்து வைக்கிறது, சோப்பும் ஆல்கஹாலும் அதை அழித்துவிடும். வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

இனி, பலரும் எண்ணிப் பார்க்காத இடம்: ஓய்வறை. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் கிருமியைப் பரப்பக்கூடும். வார்டுக்குள் தலை முதல் கால் வரை மூடியிருந்தவர்கள், சன்னல் இல்லாத சிறிய அறையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அருகருகே அமர்ந்து சாப்பிட்டார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலான நேரம் என்பதால் தனித்தனியே சாப்பிடுங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது போதாது. இடைவேளையைப் பிரித்து வைப்பது, காற்றோட்டமுள்ள இடம் ஒதுக்குவது, காய்ச்சலென்றால் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு தருவது ஆகியவை நிர்வாகம் செய்ய வேண்டிய வேலைகள்.

2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு செவிலியருக்குத் தொற்று உறுதியானால், "ஒழுங்காக கிட் போட்டாயா?" என்று அவரிடம் கேட்பதற்கு முன், அவருக்கு எத்தனை மணி நேர டியூட்டி போடப்பட்டது, அவர் அணிந்த முகக்கவசம் எத்தனையாவது நாளாகப் பயன்பாட்டில் இருந்தது, அவர் எங்கே சாப்பிட்டார் என்று அவரை அனுப்பியவர்களிடம் கேளுங்கள்.