ரொறன்ரோவுக்கு வரும் படக்காரத் தம்பிக்கு

தம்பி, கொழும்பில் நகைக்கடைகளுக்கும் புடவைக்கடைகளுக்கும் பொருள்களைப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள், இப்போது பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து ரொறன்ரோ வருகிறீர்கள். எந்தக் கமரா வாங்கலாம், லைட்டுகளைக் கொண்டுவரலாமா, ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் இருந்து தொடங்கினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கமராவை விடுங்கள், கையில் இருப்பது போதும். லைட் விஷயம்: அங்கே 230 வோல்ட், இங்கே 120. லைட்டின் பின்பக்கத்தில் இரண்டும் எழுதியிருக்காவிட்டால் விற்றுவிட்டு வாருங்கள். பட்டரியில் ஓடுவது என்றால் சார்ஜரைப் பார்த்தால் போதும். மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வந்தது 2009 இல், நல்ல குளிருக்குள். ஒரு பேஸ்மென்டில் இருந்துகொண்டு இரவில் பாண் பேக்கரி வேலை, பகலில் கமராப் பையோடு மார்க்கம் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் தேத்தண்ணி கிடைத்தது, "எங்கட தம்பி" என்ற பட்டமும் கிடைத்தது. கடைசியில் ஒரு நகைக்கடைக்காரர் பேஸ்புக்கில் போடுவதற்கு என்று சொல்லி ஒரு தொகுதி வளையல் படம் எடுப்பித்தார். காசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பழக்கத்துக்காகச் செய்தது. தை பிறந்ததும் மச்சாள் வீட்டுக் குசினிக்குள் போனால், சுவரில் தொங்குகிற கடைக் கலண்டரில் என் வளையல்! ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அந்த வருடம் முழுக்க அதைத்தான் பார்த்தேன். கேட்டதற்கு நகைக்கடைக்காரர், "காசு தந்துதானே எடுத்தது, படம் என்னுடையது" என்றார்.

எரிச்சல் என்னவென்றால், அன்றைய கனடியச் சட்டமும் அவர் பக்கம்தான். காசு கொடுத்து எடுப்பித்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுப்பித்தவரே பதிப்புரிமைக்காரர். 2012 நவம்பரில் அது மாறிவிட்டது. இப்போது படம் எடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் ஒரு கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்து எடுத்தால் அது முதலாளிக்குப் போகும், அதையும் மறக்க வேண்டாம். எண்பதுகளில் வந்து கடை போட்ட அண்ணைமாரில் பலர் இன்னும் பழைய சட்டத்திலேயே இருக்கிறார்கள். நீங்கள் சட்டம் பேசினால், நேற்று வந்தவன் கதைக்கிறான் என்பார்கள். ஆகையால் வாயால் பேசாமல் வேலை தொடங்குமுன் கொட்டேஷனில் எழுதுங்கள்: எத்தனை படம், எத்தனை தரம் திருத்தித் தருவீர்கள், படம் எங்கே போகும் (இணையத்தளம் மட்டுமா, பெட்டியில் அச்சடிப்பதா, வீதி ஓரப் பலகையா, கலண்டரா), எவ்வளவு காலத்துக்கு. பாதி முற்பணம். உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும், எழுத்தில் இல்லாவிட்டால் எதற்கு அனுமதித்தீர்கள் என்று பிறகு சண்டை பிடிக்கவேண்டி வரும்.

படத்துக்கு இவ்வளவு என்று மட்டும் விலை சொல்லாதீர்கள். அமேசனுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுப்பதென்றால் பரவாயில்லை, அதற்கு அவர்களே அளவு வைத்திருக்கிறார்கள்: பின்னணி சுத்த வெள்ளை, பொருள் படத்தின் 85 வீதத்தை நிரப்பவேண்டும். அது தையல் மெஷின் வேலை மாதிரி, எண்ணிக்கைக் கணக்கில் ஓடும். ஆனால் பளபளப்பான தங்க வளையலுக்கு வெள்ளைக் கூடாரத்தை மூடி எடுத்தால் பித்தளை மாதிரித் தட்டையாக வரும், கறுப்பு அட்டை வெட்டி ஓரங்களில் பிடித்தால்தான் உருவம் தெரியும், ஒவ்வொரு வளையலுக்கும் அட்டையை நகர்த்தவேண்டும். இதற்கு நாள் கூலி, திருத்தக் கூலி, பயன்பாட்டுக்கான காசு, வாடகைச் சாமான் என்று வேறுவேறாகப் போடுங்கள். படத்துக்குப் பத்து டொலருக்கு எடுத்துத் தருகிற மாணவப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பார்கள். போகட்டும், அவர்களிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, "வரி எல்லாம் வேண்டாம், கையில் காசாகத் தாறன்" என்பார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும். பிறகு வீடு வாங்க வங்கிக்குப் போனால், சுயதொழில் என்றதும் அவர்கள் கேட்பது இரண்டு வருட வரி மதிப்பீட்டுக் கடிதம். காட்ட எதுவும் இருக்காது. தொடர்ந்து நாலு காலாண்டில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரிக்குப் பதியவேண்டும், ஒன்ராறியோவில் 13 வீதம். உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் பெயர் பதிவுகூடத் தேவையில்லை. மிச்சத்தைக் கணக்காளரிடம் கேளுங்கள், நான் அந்த ஆள் இல்லை.

தமிழ்க் கடையே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. இரண்டாவது வருடம் போங்கள். முதல் வருடம் இங்கத்தைய ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராக நில்லுங்கள். நம்மவர்களுக்கு அது கெளரவக் குறைச்சல். ஊரில் சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தவன் இங்கே வந்து லைட் ஸ்டாண்ட் விழாமல் வைக்கிற மண்மூட்டை தூக்குவதா என்று நேராகக் கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று இறங்கிவிடுகிறார்கள், பிறகு சனி ஞாயிறு என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. நான் மண்மூட்டை தூக்கினேன், வயரை நிலத்தில் ஒட்டினேன், மதியச் சாப்பாடு வாங்கிவந்தேன். கண்ணாடிப் போத்தலுக்குப் பின்னால் இருந்து எப்படி வெளிச்சம் விடுவது, குளிர்ந்த சோடாவின் நீர்த்துளி காயாமல் இருக்கத் தண்ணியோடு கிளிசரின் கலப்பது, வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது முகத்தை எப்படி வைத்திருப்பது, எல்லாம் அங்கே படித்ததுதான். எனக்கு முதல் நல்ல வேலை தந்தவர் மார்க்கம் நகரில் தேயிலை இறக்குமதி செய்கிற ஒரு சீனர். கொட்டேஷனைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார், பாதிக் காசை அன்றைக்கே அனுப்பினார். எனக்கு நம்பவே முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நம் ஆக்களின் வேலைகளும் ஒழுங்காக வரத் தொடங்கின. ஒரு தேங்காய் எண்ணெய்க்காரர் ஜனவரியில் ஒரு வான் வண்டியில் போத்தல்களைக் கொண்டுவந்து இறக்கினார். திறந்து பார்த்தால் எல்லாம் வெள்ளைக் கட்டி. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே இறுகிவிடும் என்று ஊரில் யார் யோசித்தது? சுடுதண்ணிக்குள் வைத்தால் லேபல் கழருகிறது, வைக்காவிட்டால் எண்ணெய் மெழுகுதிரி மாதிரி இருக்கிறது. ஹீற்றருக்குப் பக்கத்தில் இரவிரவாக வரிசையாக வைத்து உருக்கி அடுத்த நாள்தான் எடுத்தோம். இப்போதும் குளிர்காலத்தில் எண்ணெய் வேலை வந்தால் கொட்டேஷனில் ஒரு நாளைக் கூடப் போட்டுவிடுவேன். ஏன் என்று கேட்கிறவர்களை ஒரு போத்தலைக் காருக்குள் வைத்துவிட்டு வரச் சொல்வேன்.