மூன்று காயிலையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கிராமம். 2014 மாடல் மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். சம்பா அறுப்பு முடிந்ததிலிருந்து ஐடிலிங்கில் வண்டி நடுங்குகிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. மூன்று காயில், மூன்று பிளக், டியூனிங் என்று 9,500 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். டிராக்டர் வேலை ஓரளவு தெரியும். நானே பார்த்துக்கொள்ளலாமா சார்?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் மூன்று காயிலையும் வாங்கி வந்துவிடாதீர்கள். பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவதுதான் காயில், சிலிண்டருக்கு ஒன்று. மூன்றும் ஒன்றாகப் போவது அபூர்வம். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது (பெட்ரோல் சரியாக எரியாமல் விடுகிறது) என்று கண்டுபிடித்துவிட்டால் செலவு பெரும்பாலும் ஒரு காயிலோடு, சில சமயம் ஒரு பிளக்கோடு முடிந்துவிடும்.

முதலில் பானெட்டைத் திறந்து எலி வேலை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அறுப்பு முடிந்து வயல் காலியானால் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போர் ஓரம் நிற்கும் வண்டி அவற்றுக்கு வசதியான இடம். காயிலுக்குப் போகும் வயர் கடிபட்டிருந்தால் புதுக் காயில் போட்டும் பயனில்லை. (புகையிலைப் பொட்டலம் கட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வண்டியைப் போரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.)

வயர் சரியாக இருந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை (இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படிக்கும் கருவி) செருகி, போனில் எரர் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் எண் என்ன என்று பாருங்கள். சாதாரண ஸ்கேனரே போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பெரும்பாலும் பெல்ட் இருக்கும் பக்கம்தான் ஒன்றாம் நம்பர்.

பி0302 வந்தது என்று வையுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு இரண்டாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போடுங்கள், முதல் சிலிண்டரில் இருந்த காயிலை இரண்டாவதில் போடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு 10 எம்.எம். போல்ட்தான். கனெக்டர் கிளிப்பை அழுத்திப் பிடித்து உருவ வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இத்தனை வருட சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். ஸ்கேனர் வழியாக அந்த எரர் கோடு எண்ணை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இப்போது பி0301 வந்தால் அந்தக் காயில்தான் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். மறுபடியும் பி0302-வே வந்தால் பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையா? இன்ஜெக்டரோ (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் அழுத்தம்) பிரச்சனையாக இருக்கும். அது ஒர்க்ஷாப் வேலை.

பிளக்கைத் திரும்பப் போடும்போது மட்டும் அவசரம் வேண்டாம். ஹெட் அலுமினியம், மரை போனால் மிச்சம் பிடித்த காசெல்லாம் லேத் பட்டறைக்குப் போய்விடும். பிளக்கின் மேல்முனையில் ஒரு ரப்பர் டியூப் துண்டைச் செருகி, அதைக் கையால் சுற்றி இறக்குங்கள். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும். கையால் இறுகும் வரை போன பிறகுதான் ஸ்பேனர். வாஷரோடு வரும் புது பிளக்குக்கு அதற்கு மேல் அரைச் சுற்று போதும்.

கையோடு ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும் நாட்களில் ஓடிய வண்டியில் தூசியும் பதரும் அப்பியிருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆவதற்கு இது காரணமில்லை, பிக்கப் குறைய இதுவும் காரணமாகலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவாதீர்கள். லேசாகத் தட்டுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் புதிது போடுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் தூசியைத் துடைத்த பிறகுதான் மூட வேண்டும்.

டைமிங் செயின், பெட்ரோல் லைன் இரண்டையும் வீட்டில் தொட வேண்டாம். வீட்டில் புது டீசல் வண்டியும் இருந்தால் அதன் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் காமன் ரெயில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. உள்ளே 1,000 பாருக்கு மேல் பிரஷர், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

இன்னொன்று, செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலையைப் பார்த்தால் உங்கள் 9,500 எஸ்டிமேட்டே பரவாயில்லை என்று தோன்றும். அந்த நிலையில் மன்னார்குடி வரைகூட ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.