கிண்ணியாக் கிணற்றில் கிடைத்தது விலாங்கின் செவிக்கல்லா?

கேள்வி: திருகோணமலைக்கு அருகே கிண்ணியாவில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது, சிப்பி கலந்த சேற்றுக்குள் புளியங்கொட்டை அளவில் மூன்று வெள்ளைக் கற்கள் கிடைத்தன. புதைபடிவ விலாங்கின் செவிக்கல், ஒரு கோடி ஆண்டுப் பழமை என்கிறார் ஒரு தரகர். இனப்பெயருடன் சான்றிதழ் எடுத்துத்தர 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? எந்த விலாங்கு என்று நானே அறிய முடியுமா? படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த ஒரு கோடி. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையும், திருகோணமலையின் அடித்தளமும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய படிகப் பாறை. அதற்குள் மீன் தேட முடியாது. உங்கள் சேறோ மகாவலி ஆறும் கடலும் சேர்த்துப் போட்ட மிக இளைய படிவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்தான் மயோசீன் காலத்தது, அதாவது 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. அந்த ஊர்க் கணக்கைக் கிண்ணியாக் கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறார் தரகர்.

மீனின் தலையில், உட்செவிக்குள், ஒவ்வொரு பக்கமும் மூன்று கற்கள் உண்டு; இவைதான் செவிக்கற்கள். பெரும்பாலான மீன்களில் பெரியது சஜிட்டா. அதன் உட்பக்கத்தில் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் வடிவம்தான் மீனின் முகவரி. கொங்கர் எனும் கடல் விலாங்குக் குடும்பத்தில் பலவற்றில், பள்ளத்தின் முன்பகுதியிலிருந்து மேல்விளிம்பை நோக்கி ஒரு சிறு வாய்க்கால் ஏறும். விலாங்கின் கல் பெரும்பாலும் சில மில்லிமீற்றர்தான். அஞ்சாளை விலாங்கு ஆளுயரம் இருந்தாலும் கல் சிறியது.

உங்கள் கற்களில் பள்ளமே இல்லை. தேய்ந்து மறைந்தது என்றும் சொல்ல முடியாது, விளிம்புகள் கூராகவே இருக்கின்றன. இவை கடற்கெளுத்தியின் கற்கள். கடற்கெளுத்தியில் கணக்கு மாறுகிறது: அங்கே பெரிதாக வளர்வது சஜிட்டா அல்ல, லாப்பிலஸ் எனும் இன்னொரு கல். தடித்து, புடைத்து, பள்ளமின்றி இருக்கும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனெனில் விலாங்கு என்றும், சிறுநீரகக் கல்லுக்கு மருந்து என்றும் விலைபேசப்பட்டு என்னிடம் வந்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கெளுத்திக் கல்தான். பெரிய கல், பள்ளம் இல்லை என்றால் முதலில் கெளுத்தியை நினையுங்கள். கத்தாளை மீனின் கல்லும் பெரியதுதான், ஆனால் அதில் வால்பேத்தை போன்ற பள்ளம் தெளிவாகத் தெரியும்.

தரகர் அமிலம் விட்டு நுரை காட்டுவார், நம்பாதீர்கள். செவிக்கல் கல்சியம் காபனேற்று. சிப்பியும் அதுவே, முட்டைக்கோதும் அதுவே, எல்லாம் நுரைக்கும். கல்லோ அரிக்கப்பட்டு, அடையாளம் காட்டும் நுண்கோடுகள் போய்விடும். தேசிக்காய்ப் புளியும் வேண்டாம். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

உண்மையான விலாங்குக் கல் கிடைத்தாலும், ஒற்றைக் கல்லை வைத்து இனப்பெயர் எழுதுவது துணிச்சல். குஞ்சின் கல்லில் அடையாளங்கள் முற்றியிராது. தேர்ந்தவர்களே பல வேளைகளில் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இனம் சொல்ல, இன்று வாழும் விலாங்குகளின் கற்களை வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். நம் கரையில் பிடிபடும் மீன்களுக்கு அப்படியொரு சேகரிப்பு வேண்டுமென்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே வரிதான் மூன்று முறையும் வந்தது. ஒரு அலுமாரியும் சில நூறு சிறு குப்பிகளும் போதுமான வேலை இது! அது இல்லாத இடத்தில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சந்தையில் ஒரு கடற்கெளுத்தி வாங்குங்கள். தலையை அவித்து, மண்டையோட்டின் அடிப்பகுதியைப் பிரித்தால் இரு பக்கமும் பெரிய கல் ஒவ்வொன்று இருக்கும். உங்கள் கற்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு கிணற்றின் எந்த ஆழத்தில் கிடைத்தன என்று ஒரு தாளில் எழுதி, கற்களோடு சேர்த்து டப்பாவில் வையுங்கள். அதே சேற்றில் ஒரு வாளி மிச்சமிருந்தால் வீசிவிடாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடையில் நீர்விட்டு அலசுங்கள். விலாங்கின் கல் இருந்தால் அங்கேதான் தங்கும்.